வெடிச்சத்தத்துக்கு வீடு வீடாய் ஓர் அழைப்பு

எங்கள் வீட்டில் துவக்கு என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்குக்கு ஓடி வந்ததே, சுடுகிற அந்தச் சாமானிடமிருந்து தப்பத்தான். ஆகவே நான் எங்கள் ஊரான விபோர்க்குக்கு வெளியே இருக்கும் சூட்டுக் கழகத்தில் சேர்ந்த செய்தி, சோற்றுக் கோப்பைக்குள் பல்லி விழுந்த மாதிரி விழுந்தது.

“துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவன்ர பிள்ளை, காசு குடுத்துச் சுடப் போறாராம்,” என்றார் அப்பா.

“காசு குடுத்தோ?” என்று அம்மா கேட்டார். அவருக்கு அதுதான் கூடுதல் கவலை.

குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான்தான். அப்பாவின் படிப்பைப் பாதியில் சண்டை நிறுத்தியது. அம்மாவின் படிப்பை அதற்கும் முன்பே வீடு நிறுத்திவிட்டது. அதனால் நான் எதைச் செய்தாலும், படித்தவன் செய்கிறான், ஏதோ காரணம் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள். துவக்கையும் அப்படியே விட்டார்கள். காரணம் உண்மையில் எளியது. பாயில் குப்புறப் படுத்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, தூரத்துக் கறுப்பு வட்டத்தைப் பார்க்கும் அந்தக் கணத்தில் மட்டும்தான் என் தலைக்குள் யாரும் பேசுவதில்லை. துவக்குகள் கழகத்தின் இரும்பு அலுமாரியில் பூட்டிக் கிடக்கும். பொலிஸ் என்னைப் பற்றி விசாரித்துச் சம்மதம் சொன்ன பிறகே தொட விட்டார்கள். இவ்வளவு ஒழுங்கான ஒரு விளையாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நான் ஓல்போர்க்கில் பொறியியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் பிரச்சினை வந்தது. சூட்டுத் திடலுக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த வயலில் புது வீடுகள் எழும்பின. குடிவந்தவர்கள் சத்தம் தாங்க முடியவில்லை என்று கொம்யூனுக்கு, அதாவது நகரசபைக்கு, முறையிட்டார்கள். திடலுக்கான அனுமதியைப் பறிப்பதா இல்லையா என்று கொம்யூன் முடிவெடுக்க இருந்தது. அனுமதி போனால் கழகமும் போனதுதான். வேறு திடல் போட இடமும் இல்லை, எங்கள் கையில் காசும் இல்லை.

கழகத் தலைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். அவர் குரல் உயர்த்தினால் பின் சீட்டுவரை அடங்கும். அவர் பேசியது டெனிஷில்தான். ஆனால் எங்கள் வீட்டுப் பேச்சில் எழுதினால்தான் எனக்கு அவர் குரல் கேட்கிறது.

“கொம்யூன் வைக்கிற பொதுக்கூட்டத்தில நீதான் கதைக்கவேணும்,” என்றார். “நான் கதைச்சால் சண்டையாப் போயிடும். நீ கதைச்சால் பேச்சு.”

பேச்சை எழுதினேன். வரிக்கு வரி உரிமை. சட்டத்தை மதிக்கும் எங்களைச் சட்டம் ஏன் தண்டிக்க வேண்டும், முதலில் வந்தது திடலா வீடா என்றெல்லாம் கேட்டேன். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குத் தமிழாக்கி வாசித்துக் காட்டினேன்.

“நல்லாயிருக்கு,” என்றார். “அந்த வீட்டுச் சனத்தோட கதைச்சனியளோ?”

“இல்லையப்பா. அவை கொம்யூனுக்குச் சொல்லியிருக்கினம். நாங்களும் கொம்யூனுக்குத்தான் பதில் சொல்லுறம்.”

“வேலிக்கு அங்கால நிக்கிறவனோட கதைக்கிறதுக்கு ரவுணுக்குப் போறியள்.”

திடலை எல்லோருக்கும் திறந்து காட்டும் நாள் ஒன்று வைத்திருக்கிறோம், பேஸ்புக்கில் போட்டிருக்கிறோம், விருப்பமானவர்கள் பதிந்துவிட்டு வரலாம் என்றேன். அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“ஆர் பதிஞ்சவை?”

“இன்னும் ஒருத்தரும் இல்லை.”

“ஒரு சாமத்தியவீட்டுக்கு இப்பிடிச் சொன்னால் உன்ர மாமியே வராள்.”

சாமத்தியவீடு என்ன, எந்த நல்ல காரியத்துக்கும் அழைக்க எங்கள் ஆட்களுக்கு ஒரு முறை உண்டு. புருசனும் பெண்சாதியும் உடுத்திக்கொண்டு நேரே போக வேண்டும். உள்ளே போய் இருக்க வேண்டும். எதையாவது குடிக்க வேண்டும். பிறகுதான் வந்த காரியம். வாசலில் நின்று சொன்ன அழைப்பு அழைப்பே அல்ல.

“டென்மார்க்கில சொல்லாமல் ஒருத்தற்றை வீட்டையும் போகேலாதப்பா” என்று நான் எவ்வளவோ சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அப்பா கோட் சூட்டோடு இறங்கினார். அம்மா குளிர்ச்சட்டைக்குள் கூறைச்சேலை மாதிரி ஒன்றும், கையில் தட்டு நிறையப் பொரித்த ரோல்ஸும். பின்னால் நான், கழகத்தின் பச்சை ஜக்கெற்றில்.

முதல் வீட்டில் கதவைத் திறந்த பெண் சேலையைப் பார்த்தார், ரோல்ஸைப் பார்த்தார், என் ஜக்கெற்றைப் பார்த்தார். அப்பா வணக்கம் சொல்லிவிட்டு ஒன்றும் பேசாமல் சிரித்தபடி நின்றார். உள்ளே கூப்பிடும்வரை பேசக்கூடாது அல்லவா? டென்மார்க்கில் அப்படி யாரும் வாசலில் நிற்பதில்லை. அந்தப் பெண்ணுக்குக் கதவைச் சாத்தவும் தெரியவில்லை, திறக்கவும் தெரியவில்லை. கடைசியில், “உள்ள... வாறியளோ?” என்றார். போனோம். இருந்தோம். கோப்பி வந்தது. முழுதும் குடித்து முடித்த பிறகு அப்பா எழுந்து, திடல் திறக்கும் நாளைச் சொல்லி, “குடும்பமா வரவேணும்” என்றார். தான் வேலை செய்யும் இறைச்சித் தொழிற்சாலையில் பழகிய டெனிஷ்.

எல்லா வீட்டிலும் இதே கூத்துத்தான். கொஞ்ச வீடு போக, அம்மா கோப்பியைக் குடிக்காமல் மணந்து பார்த்துவிட்டு வைக்கத் தொடங்கினார்.

கடைசி வீடுதான் நான் பயந்த வீடு. முறைப்பாட்டை முன்னின்று நடத்தியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், அங்கே தனியாக இருந்தார். என் ஜக்கெற்றைக் கண்டதும், “ஓ, வெடிக்காரர்,” என்றார். அப்பா சிரித்துக்கொண்டே நின்றார். மழையும் தூறியது. அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை.

உள்ளே மேசைக்குக் கீழே ஒரு நாய் படுத்திருந்தது.

“ஞாயிற்றுக்கிழமையில நீங்கள் சுடத் தொடங்கினால் இவள் சோபாவுக்குக் கீழ போயிடுவாள். சாப்பிடமாட்டாள். உடம்பு முழுக்க நடுங்கும்,” என்றார் அவர்.

நான் பேச்சைத் தொடங்கினேன். சத்தம் சட்டம் சொன்ன அளவுக்குள்தான் இருக்கிறது, அளந்து பார்த்திருக்கிறார்கள் என்று. அப்பா என் முழங்காலில் கையை வைத்து அமத்தினார்.

“நானும் இவள் மாதிரித்தான்,” என்றார் அவரிடம். “புது வருசத்துக்கு நீங்கள் வாணம் விடுவியள். நான் குளிக்கிற அறைக்குள்ள போய்த் தண்ணியைத் திறந்துவிட்டிட்டு இருப்பன். அதுவும் சட்டப்படி விடுற வாணம்தான். எண்டாலும் உடம்புக்குச் சட்டம் தெரியாது.”

ஆசிரியர் நாற்காலியை அப்பாவின் பக்கம் இழுத்தார். “தண்ணியைத் திறந்தால் கேக்காதோ?”

“கேக்கும். கேக்காத மாதிரி இருக்கலாம்.”

“தண்ணி பில் வரேக்க எனக்கெல்லோ கேக்கும்,” என்றார் அம்மா தமிழில். நான் மொழிபெயர்த்தேன். ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார்; நாய் எழும்பி வந்து அம்மாவின் ரோல்ஸை மணந்து பார்த்தது.

ஒவ்வொரு புது வருடத்திலும் அப்பாவுக்கு வயிற்றுக் கோளாறு என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

எழும்பும்போது ஆசிரியர், “எப்ப சுடுவியள் எண்டு முதலே தெரிஞ்சால் இவளை மகள் வீட்டை கொண்டுபோய் விடுவன். ஞாயிறுகளில மகள் இல்லை, அதுதான்,” என்றார்.

கழகத்தில் போய்ச் சொன்னதும் தலைவி தலையில் கைவைத்தார். “வீட்டுக்குள்ள போனியளோ? சொல்லாமல் கொள்ளாமல்?” பிறகு, ஞாயிறை விட்டுக்கொடுப்போம் என்று நான் சொன்னதும் முகம் சிவந்தது. “இண்டைக்கு ஞாயிறைக் குடுத்தால் நாளைக்குச் சனியைக் கேப்பினம். பிறகு திடலையே கேப்பினம்.”

ஒரு கிழமைக்கு முன் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். “கேப்பினம் எண்டுறியள். ஆர் கேக்கிறது?” என்றேன். “அந்தச் சனத்தின்ர குசினியில இருந்து கோப்பி குடிச்சனான். அவை திடலைக் கேக்கேல்லை, ஞாயிற்றுக்கிழமை நித்திரையைக் கேக்கினம். எங்கட உரிமைக்கு அவைதான் சாட்சி சொல்லவேணும், நாங்கள் சொன்னால் ஆர் நம்புவினம்?”

கை உயர்த்தச் சொன்னார்கள். பெரும்பாலான கைகள் உயர்ந்தன. தலைவி முறைத்துக்கொண்டே கடைசியாகத் தன் கையையும் உயர்த்தினார்.

திறந்த நாளுக்குப் பதிந்தவர் எவருமில்லை. ஆனால் நாங்கள் கோப்பி குடித்த வீட்டுக்காரர் எல்லோரும் வந்தார்கள், குடும்பமாக. ஆசிரியர் பாயில் படுத்துச் சுட்டார், ஒன்றும் படவில்லை, இன்னொரு முறை என்று மறுபடி படுத்தார். அப்பா துவக்குப் பக்கமே போகவில்லை. காதை மூடும் கவசத்தைக் காலையிலிருந்து மாலைவரை கழற்றாமல் கோப்பி ஊற்றினார். யார் என்ன கேட்டாலும் அவருக்குக் கேட்கவில்லை. எல்லோருக்கும் பால் விட்டுக் கொடுத்தார்.

பொதுக்கூட்டத்தில் என் பேச்சு மிகச் சின்னதாக இருந்தது. ஞாயிறுகளில் சுடமாட்டோம், மற்ற நாட்களின் நேரத்தை முன்கூட்டியே வீடு வீடாகச் சொல்வோம், திடலை விட்டுவையுங்கள். அவ்வளவுதான். நான் உட்கார்ந்ததும் ஆசிரியர் எழுந்தார். “எனக்கு அந்தச் சத்தம் இப்பவும் பிடிக்காது,” என்றார். “ஆனால் சத்தம் போடுறவை ஆரெண்டு எனக்குத் தெரியும். திடல் இருக்கட்டும்.” சில கிழமைகளில் கொம்யூனின் முடிவு வந்தது. திடல் இருக்கிறது. தலைவி என்னைக் கட்டிப்பிடித்ததில் என் கண்ணாடி வளைந்துபோனது.

டிசம்பர் முடியும் நேரம், ஒரு பின்னேரம், எங்கள் வீட்டு மணி அடித்தது. அம்மா கதவைத் திறந்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினார்.

“இஞ்சேருங்கோ, அந்த நாய்க்கார மாஸ்ரர் வாசல்ல நிக்கிறார். சிரிக்கிறார், ஒண்டும் கதைக்கிறாரில்லை!”

அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது. ஓடிப்போய் உள்ளே கூட்டிவந்து இருத்தினார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். மனிதர் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, எழுந்து நின்று சொன்னார்:

“எங்கட வீட்டில நல்ல ஆழமான நிலவறை ஒண்டு இருக்கு. புது வருச வாணத்துக்கு நானும் நாயும் அங்கதான் இருப்பம். நீங்களும் குடும்பமா வரவேணும்.”

“ஓம், வாறம்,” என்றார் அப்பா.

“அப்ப இந்த முறை தண்ணி பில் மிச்சம்,” என்றார் அம்மா. அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.