மதிவதனி கடிக்காத நெல்

கடைவாய்ப் பல்லில் வைத்து ஒரே கடி. நெல் டக்கென்று உடைந்தால் மூட்டை பிடிக்கலாம். நசுங்கினால், "இன்னும் ஒரு வெயிலு" என்று சொல்லிவிட்டு மதிவதனி அடுத்த வரிசைக்கு நடந்துவிடுவாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. வலங்கைமான் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில், அவித்த நெல் காயும் களம் அவள் ராஜ்ஜியம். ஈரம் பார்க்க முதலாளி துரைராசு வாங்கிவைத்த கருவி அலமாரியில் தூங்கியது. "அதுக்கு பேட்டரி போடணும். எனக்கு ஒரு டீ போதும்" என்பாள்.

வயது முப்பது. கொதிக்கிற சிமெண்டுத் தரையில் செருப்பில்லாமல் நடந்து, காலாலேயே நெல்லை அளைந்துவிடுவாள். உடம்புக்கு எது வந்தாலும் அவளுக்குத் தெரிந்தது ஓமத் தண்ணீர்தான். தலைவலிக்கும் அதுவே, முழங்கால் வலிக்கும் அதுவே. "எல்லாம் வாயுதான்" என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியிலிருந்து யாராலும் அவளை மாற்ற முடிந்ததில்லை.

கல்யாணமாகி ஏழாவது வருஷம் பிள்ளை தங்கியது. மூன்றாம் மாத ஸ்கேனில் பிள்ளையோடு இன்னொன்றும் தெரிந்தது. இடது சினைப்பையில் சாத்துக்குடி அளவுக்கு ஒரு கட்டி. கும்பகோணத்து டாக்டர் ஃபஹ்மிதா எதையும் ஒளிக்கவில்லை. "இது டெர்மாய்டு கட்டிம்மா. உள்ளே கொழுப்பு, முடி, சில பேருக்குப் பல்லுகூட இருக்கும். பாத்தவரைக்கும் புற்றுநோய் மாதிரி இல்ல. ஆனா சினைப்பை திருகிக்கிட்டா உங்களுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. நாலு மாசம் முடியட்டும், ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். அதுக்குள்ள ஒரு பக்கமா சுரீர்னு வலிச்சா, வாந்தி வந்தா, எதையும் பாக்காம கிளம்பி வந்துடணும்."

மதிவதனியின் காதில் பல் மட்டும்தான் விழுந்தது. "நெல்லக் கடிச்சுக் கடிச்சு நானே வளத்துட்டேனா டாக்டர்?"

"நீங்க பொறக்கும்போதே உங்க உடம்புல இருந்ததும்மா அது. நெல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

டாக்டர் சொன்னால் ஆயிற்றா? "நெல்லத் திங்காதடி புள்ள, வயித்துல கட்டி விழும்" என்று ஏழு வருஷமாகச் சொல்லிவந்தவள் மாமியார் நீலாம்பாள். இப்போது அவள் மருமகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. அன்றிலிருந்து மதிவதனி நெல்லைக் கடிப்பதை விட்டுவிட்டாள். கருவிக்குப் பேட்டரி போட்டாள். அது காட்டும் எண்ணை நம்பாமல், ஒரு நெல்லை உதடுவரை கொண்டுபோய்க் கீழே போடுவாள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஆபரேஷனுக்கு இன்னும் எட்டு நாள். மாசி மாதத்துப் பகல் பதினொரு மணிக்கு, பருவம் தப்பிய மேகம் கிழக்கே கருத்தது. களம் முழுக்க நெல். அப்போதுதான் இடப்பக்கம் சுரீரென்றது. "வாயு" என்று ஓமத் தண்ணீரைக் குடித்தாள். மறுபடி வலித்தபோது உட்கார்ந்துவிட்டாள்.

கூட வேலை பார்க்கும் பூவிழி ஓடிவந்தாள். "அக்கா, டாக்டரம்மா சொன்ன வலியா இது?"

"தார்ப்பாயப் போட்டுட்டுப் போயிடலாம் வா."

அந்த இடத்தில் அவளைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். யார் உலுக்குவது? மழை வருகிறதென்றால் களத்துக்காரிக்கு நெல்தான் முதலில். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தார்ப்பாயை இழுத்தாள். முக்கால் மணி நேரம் போயிற்று. கடைசி மூலைக்குக் கல் வைக்கும்போது வாந்தி எடுத்து, அப்படியே மடங்கி விழுந்தாள்.

ஆலையில் டிராக்டர் ஓட்டும் புருஷன் இனியவன் முதலாளி காரை எடுத்தான். வழி நெடுக அவள் ஒன்றையே கேட்டாள். "என்னங்க, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? நெல்லப் பாத்துக்கிட்டு நின்னுட்டேனே." அவன் ஹாரனை அடித்தான்.

சினைப்பை இரண்டு சுற்று திருகியிருந்தது. திருகலை அவிழ்த்துக் கட்டியை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்தவளிடம் டாக்டர், "குழந்தைக்குத் துடிப்பு இருக்கு. ஆனா இன்னும் ஒரு நாள் தாண்டணும்" என்றார். களத்தில் எத்தனை பேரை இப்படிக் காக்கவைத்தவள் அவள்! இப்போது அவள் முறை.

மறுநாள் காலை டாக்டர் சின்னக் கருவியை அவள் வயிற்றில் வைத்து நகர்த்தினார். இரைச்சல்தான் வந்தது. இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினார். நீலாம்பாள் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, ஆலை பெல்ட் ஓடுவதுபோல் தடதடவென்று ஒரு சத்தம் வந்தது.

"கேக்குதா? நல்லா இருக்கு உங்க புள்ள."

நீலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மதிவதனி அழவில்லை. "கட்டியில பல்லு இருந்துச்சா டாக்டர்?" என்று கேட்டாள்.

"ஒண்ணு இருந்துச்சு. நெல்லு ஒண்ணுகூட இல்ல."

மதிவதனி புருஷன் பக்கம் திரும்பினாள். நேற்றுப் போட்ட அதே சட்டை. சுருட்டிவிட்ட கைமடிப்பில் ஒரு நெல் ஒட்டியிருந்தது. கையை நீட்டி அதை எடுத்து, கடைவாய்ப் பல்லில் வைத்து ஒரே கடி கடித்தாள்.