நிலக்கரியில் சுட்ட கருவாடு

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று பதுளை டவுனில் எனக்குக் கடை இருக்கிறது, மாடி வீடு இருக்கிறது. எல்லாம் என் கையால் சம்பாதித்தது. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது, ரயிலின் கரி எஞ்சினில் ஃபயர்மேனாக இருந்தபோது நெருப்புக்குக் கரி அள்ளிப்போட்ட சவல் என்கிற இரும்பு வாரியைத்தான். அதன் பிடியைக் கண்ணாடித் துண்டால் இழைத்து என் கைக்கென்றே பழக்கி வைத்திருந்தேன். வேறொருவன் பிடித்தால் ஒத்துவராது. பதுளையிலிருந்து மலை ஏறும்போது என்னைப்போல் நெருப்பு வளர்க்க ஆளில்லை என்று என் டிரைவர் அண்ணனே சொல்லியிருக்கிறார்.

அந்தச் சவல்தான் எங்களுக்குச் சட்டியும். எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது பாய்லர் வெந்நீரில் அதைக் கழுவி, கருவாட்டை வைத்து அடுப்பு வாயில் நீட்டுவேன். கண் மூடித் திறப்பதற்குள் வெந்துவிடும். அண்ணன் தன் தகரப் பெட்டியிலிருந்து ரொட்டியை எடுப்பார். கரி வாசமும் கருவாட்டு வாசமுமாக அந்தச் சாப்பாடு எந்த ஹோட்டலிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

போன மாதம் ஹாலிஎலையிலிருந்து அண்ணனின் மகள் போன் செய்தாள்.

"சித்தப்பா, அப்பா கஞ்சிகூட வாங்க மாட்டேங்கிறாரு. நீங்க வந்து சொல்லிப் பாருங்க."

சொல்லிக் கேட்கிற ஆளா அவர்? சவலையும் கருவாட்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கொல்லையில் தேங்காய்ச் சிரட்டையைக் கொளுத்திச் சுட்டு, சவலோடு கட்டிலுக்கே கொண்டுபோனேன். வாசத்துக்குக் கண் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, சவலைத்தான் பார்த்தார். ஒரு துண்டை அவர் வாயில் வைத்தேன். வெகுநேரம் மென்றார்.

"சிரட்டையில சுட்டியா?"

"ஆமாண்ணே."

"அதான் சப்புன்னு இருக்கு. இவனெல்லாம் ஒரு ஃபயர்மேன்," என்றார் மகளிடம். "நெலக்கரியில சுட்டுக் கொண்டா, திங்கிறேன்."

வாயை மூடிக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் ஒரு துண்டைத் தின்று பார்த்திருந்தேன். அவர் சொன்னது சரி.

பசறையிலும் லுணுகலையிலும் இரும்புப் பட்டறைகளில் கேட்டுவிட்டேன். எல்லோரும் மரக்கரியைக் காட்டுகிறார்கள். கொழும்பு போகும் லொறிக்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். இந்த ஊரில் நான் கேட்டுக் கிடைக்காத பொருள் இது ஒன்றுதான்.

தினமும் காலையில் ஹாலிஎலைக்குப் போன் போட்டு, கரி வந்துகொண்டிருக்கிறது என்று அவரிடம் சொல்லச் சொல்கிறேன். அதைக் கேட்டால் நாலு கரண்டி கஞ்சி குடிக்கிறாராம்.