அட்டை கொடுக்காத தெரு

எண்பதுகளின் தொடக்கத்தில், பி.ஏ. முடித்த கையோடு எனக்குக் கணக்கெடுக்கும் வேலை கிடைத்தது. வெளியே போகவர ஸ்கூட்டரையே நம்பியிருக்கும் மதுரைக் குடும்பங்களைப் பஸ்ஸுக்குப் பழக்க முடியுமா என்று ஓர் ஆய்வு. ஆனையூரில் சில தெருக்களைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு ஒரு நோட்டு கொடுத்தோம். யார், எங்கே, எதில் போனார்கள் என்று ஒரு வாரம் எழுத வேண்டும். அதன்பின் பாதித் தெருக்களுக்கு மட்டும் பஸ் நேரம் அச்சடித்த அட்டை கொடுத்து விளக்கிச் சொல்வோம். மற்ற தெருக்களில் வாயே திறக்கக் கூடாது. ஆறு மாதம் கழித்து எல்லோருக்கும் மறுபடி நோட்டு. ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மாற்றம் அட்டையால் வந்ததா, தானாக வந்ததா என்று தெரியும் என்பார் எங்கள் மேலாளர்.

அட்டை கொடுக்காத தெருவில்தான் அந்த அக்கா இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவருடைய நோட்டில் எல்லா நாளும் ‘போகவில்லை’ என்றே இருந்தது. புதன்கிழமை மட்டும் ‘திருவாதவூர், பஸ், அம்மாவைப் பார்க்க’ என்று எழுதி அடித்திருந்தார்.

“போனீங்களாக்கா?”

“இல்லம்மா. போகணும்னு இருந்துச்சு, எழுதிட்டேன். அவுகளக் கேட்டா ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேங்கிறாக. ஞாயிறு வந்தா தூங்கிருறாக.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: “திருவாதவூருக்கு எத்தன மணிக்குப் பஸ்சுன்னு ஒனக்குத் தெரியுமா?”

பக்கத்துத் தெருவுக்கான அட்டைகள் என் பையில்தான் இருந்தன.

“தெரியாதுக்கா” என்றேன்.

ஆறு மாதம் கழித்துப் போனபோது நோட்டில் ஒரே வாரத்தில் மூன்று பயணங்கள். எல்லாம் பஸ்ஸில், தனியாக. சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை.

“கண்டக்டர்ட்ட நானே கேட்டுக்கிட்டேன். ரெண்டு பஸ்சு மாறணும், அம்புட்டுத்தான். இதுக்குப் போயி இத்தன நாளு பயந்துக்கிட்டு இருந்தேன்.” பிறகு சொன்னார்: “அம்மாவுக்கு இப்பக் கண்ணு சுத்தமாத் தெரியல. எங்கொரல வச்சுத்தான் கண்டுபிடிச்சா. ரெண்டு மூணு மாசம் முன்னாடி வரைக்கும் கொஞ்சம் தெரிஞ்சுச்சாம்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அன்னைக்கே ஒனக்குத் தெரியும்ல?”

“தெரியும்க்கா. சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க.”

அவர் திட்டவில்லை. நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வழக்கமாக வாசல் வரை வருவார்.

அந்த இடைவெளியில் ஆனையூருக்குக் கூடுதலாக டவுன் பஸ் விட்டிருந்தார்கள். இரண்டு வகைத் தெருக்களிலும் பஸ் பயணம் ஒரே அளவு கூடியிருந்தது. அட்டையால் பலன் உண்டு என்று சொல்ல முடியாது என எழுதி ஆய்வை முடித்தோம்.

மறு வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூ வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். வேறு குடும்பம் குடியிருந்தது. மாற்றலாகிப் போய்விட்டார்களாம், எந்த ஊர் என்று தெரியவில்லை. அங்கிருந்தே பஸ் ஏறித் திருவாதவூருக்குப் போனேன். கண் தெரியாத ஓர் அம்மா, மகள் ஆனையூரில் இருந்தவர் என்று டீக்கடையில் விசாரித்தேன்.

“மக பேரு என்னம்மா?” என்றார் கடைக்காரர்.

நோட்டில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருந்தது; அதுவும் நினைவில் இல்லை. அக்கா, அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்த நான் பெயரைக் கேட்டதே இல்லை. அடுத்த பஸ் வரும் வரை அந்தக் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து, கடந்து போகிற பெண்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.