பாதி மாத்திரை

அந்தமானில், மாயாபந்தரில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் நான். இரண்டு வருடத்துக்கு முன்பு காதுக்குள் யாரோ என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், குரல்கள் போயின. கூடவே என் கவனமும் போயிற்று. ஊசியில் நூலைக் கோத்துவிட்டு, எதற்குக் கோத்தேன் என்று உட்கார்ந்திருப்பேன். பெங்காலி அக்கா ஒருத்திக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்துக் கொடுத்தேன். "குரல் நின்னுச்சே, அதுவே பெருசு" என்பார் வீட்டுக்காரர். அட போய்யா, கை ஓடாத தையல்காரிக்கு அது மட்டும் போதுமா!

போன மழைக்காலத்தில் தலை திடீரென்று தெளிந்தது. கழுத்து வளைவு ஒரே வெட்டில் வந்தது. வேறு கடைக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். "நான் பழையபடி ஆயிட்டேன்யா!" என்று அவரிடம் குதித்தேன். அவர் சிரித்து வைத்தார்.

போகப் போகத் தெளிவு மிஞ்சியது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவதுகூட என்னை விடவில்லை. ஒரு மத்தியானம் துணி கொடுக்க வந்த இரண்டு பெண்கள் வாசலில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் என்று முடிவு கட்டிக் கத்தரிக்கோலோடு எழுந்தேன். வீட்டுக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் மெதுவாகச் சொன்னார்: "ஜகாஜ் லேட்டு புள்ள. ஆஸ்பத்திரியில தவாய் கத்தம், மருந்து தீந்துபோச்சுன்னுட்டாங்க. இருக்கிறத ஆதா ஆதாவா உடைச்சுக் குடுத்தேன். வெங்காயத்துக்குச் செய்யிறதுதானே?"

மெயின்லேண்ட் ஜகாஜ், அதான் கப்பல், வராவிட்டால் இங்கே எல்லா வீட்டிலும் வெங்காயம் பாதிதான். தினமும் மாத்திரையை எடுத்துத் தருகிறவர் அவர், நான் பார்க்காமல் விழுங்குகிறவள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. நன்றாக இருந்த அந்த நாட்கள் பாதி மாத்திரையின் வேலை என்பதில்தான் வயிறு எரிந்தது. இனி முழு மாத்திரை, பழைய மந்தம், அவ்வளவுதான் என் பிழைப்பு என்று அழுதேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த டாக்டர் முதலில் அவரைப் பிடித்து ஏசினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாதி மாத்திரையில வேலை எப்படிம்மா இருந்துச்சு?"

"ஆரம்பத்துல நல்லா இருந்துச்சு டாக்டர். முழு மாத்திரையிலதான் எதுலயும் மனசு நிக்காது."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே? மருந்தை மாத்திப் பாக்க வழி இருக்கு. ஆனா நீங்களா குறைக்கக் கூடாது."

"யாரு கேட்டா?" வாய் முந்திக்கொண்டது. குரல் கேட்கிறதா, தூக்கம் வருகிறதா என்று எல்லோரும் கேட்டார்கள். தையல் எப்படி இருக்கிறது என்று வீட்டுக்காரர்கூடக் கேட்டதில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இப்பக் கேக்குறேன். சொல்லுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் "ஜல்தி, ஜல்தி" என்று முணுமுணுத்தார்கள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.