மாலை கழற்றிய படம்

அருங்காட்சியகத்தில் உட்காருவது என்றால் நாள் முழுக்க "தொடாதீங்க" என்று கத்துவது. வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதையே செய்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜொகூரில் சாஆ என்ற சிற்றூருக்கு உள்ளே, இரண்டு குன்றுகளுக்கு நடுவே இருக்கும் பழைய ரப்பர் தோட்ட ஆபீஸ்தான் எங்கள் அருங்காட்சியகம். சனிக்கிழமைகளில் சாவி என்னிடம்.

ஏர்கோன்

ஜொகூர் பாருவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவர் ரப்பர் பால் வாளியைத் தலையில் கவிழ்த்து செல்ஃபி எடுத்தார். கான்வென்ட் சிஸ்டர்களிடம் கற்ற பார்வை ஒன்றை வீசினேன், வாளி இறங்கியது. மனைவி, சுவர் நிறையத் தொங்கும் தோட்டத்து ஆட்களின் படங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அலமாக், இவ்வளவுதானா அக்கா? ஏர்கோன்கூட இல்லையே, புழுங்குது!"

கோல்கீப்பர்

எங்கள் அருங்காட்சியகத் தலைவர் ராஜு அண்ணன் ஒருநாள் எல்லாப் படங்களுக்கும் சந்தன மாலை வாங்கி மாட்டினார். மரியாதையாம். "உயிரோட இருக்கறவங்களுக்குமா?" என்றேன். "எல்லாம் பழைய படம்தானேம்மா" என்றார்.

அடுத்த வாரமே தோட்டத்துப் பந்துக் குழுவின் கோல்கீப்பர் மூவாரிலிருந்து வந்து, தன் படத்தின் கீழே போய் நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மேடம், மாலையக் கழட்டிடுங்க. சம்சாரம் கார்ல இருக்கா, பாத்தா தாங்க மாட்டா."

குமார்

ராஜு அண்ணன் விசாரித்து, உயிரோடு இருப்பவர்களின் மாலைகளைக் கழற்றினார். குமாரின் மாலையை விட்டுவிட்டார். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பையன். பல வருடங்களாக ஒரு தகவலும் இல்லை. ஓட்டப்பந்தயக் கோப்பையோடு அவன் நிற்கும் படத்தை அவன் அம்மா சரோஜா அக்காதான் கொடுத்தார், வீட்டுச் சுவரில் தனியாக இருக்கிறான், இங்கே கூட்டாளிகளோடு இருக்கட்டும் என்று. மாதம் தவறாமல் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்.

அந்த முறை வந்தபோது படத்தில் மாலையைப் பார்த்தார். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். "தொடாதீங்க" என் வாய்வரை வந்து நின்றுவிட்டது.

"சரோஜா, இன்னும் எத்தனை வருஷம்? மனசத் தேத்திக்கம்மா," என்றார் ராஜு அண்ணன்.

அக்கா மாலையைக் கழற்றி அவர் கையில் வைத்தார். "அண்ணே, நாளைக்கு அவன் வந்து நின்னு, 'என்னை யாரும்மா சாகடிச்சது'ன்னு கேட்டா, நீங்க பதில் சொல்றீங்களா?"

எதையும் தொடாதீர்கள் என்று சொல்வதற்கென்றே உட்கார்ந்திருக்கும் நான், இப்போதெல்லாம் சனிக்கிழமைதோறும் சரோஜா அக்கா ஏறிக் குமார் படத்தின் கண்ணாடியைத் துடைக்க முக்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.