குடும்பத்தையே சாகடிச்ச பேனர்

எனக்குக் கோவம் மூக்கு நுனியில. அலங்காநல்லூர்ல ஃபிளக்ஸ் கடை வச்சிருக்கவனுக்கு வேற எங்க இருக்கும்? நாளைக்குக் காதுகுத்தை வச்சுக்கிட்டு இன்னிக்குச் சாயந்தரம் வந்து நிப்பாக. வாட்சப்புல இருபது போட்டோ வரும், அதுல பாதிப் பேருக்குத் தலை வெட்டுப்பட்டிருக்கும். இதையெல்லாம் ஒட்டுப்போட்டு டிசைன் பண்ணிக்கிட்டு இருந்த சூரியபிரகாஷ் ஒருநா சொல்லாமக் கொள்ளாமக் கோயம்புத்தூர் பஸ் ஏறிட்டான்.

மிச்சம் நானும் பாண்டிமீனாவும்தான். நான் மெஷினைப் பாப்பேன். மீனா பேனர் ஓரத்தை மடிச்சு ஒட்டி, ஓட்டை போட்டு வளையம் அடிக்கும். நாப்பது வயசு. ஏழு வருசமா அடிச்சு அடிச்சு வலது தோள்பட்டை தூக்க முடியாமப் போச்சு. டாக்டர் இனிமே சுத்தியலையே தொடாதன்னுட்டாரு. இந்த வேலையும் போனா அது எங்க போகும்னு எனக்கும் தெரியல.

"மதுரையில இருந்து ஒரு பயலைக் கூட்டியாரப் போறேன்"னேன்.

"வேணாம்ணே. அந்தச் சீட்டுல நான் உக்காருறேன்"னுச்சு.

எனக்குச் சிரிப்பாணி தாங்கல. ஒம்பதாப்போட நின்னு சோழவந்தான்ல வெத்தலை கிள்ளப் போன பொம்பள. கேட்டா, எட்டு மாசமா யூட்யூப்ல வீடியோ பாத்துப் படிக்குதாம். தெனமும் பஸ்ஸுல கம்பியைப் புடிச்சுக்கிட்டே பாக்குறதாம். நான் மத்தியானம் சாப்பிடப் போற நேரத்துல என் கம்ப்யூட்டர்லயே கையைப் பழக்கியிருக்கு. எனக்குத் தெரியவே தெரியாது.

"வீடியோல பேசுறவன் இந்தியிலயும் இங்கிலீசுலயும்ல பேசுவான், உனக்கு என்னா வெளங்கும்?"

"அவன் பேசுனா பேசிட்டுப் போறான். திரையில அம்பு எங்க போகுதுன்னு பாத்தாப் போதும்ணே."

டிசைன் திரை ஓரத்துல இருக்குற குட்டிப் படத்துக்கெல்லாம் அதுவே பேரு வச்சு எழுதுன ஒரு நோட்டை எடுத்துக் காட்டுச்சு. கயிறு: சுத்திப் புடிக்க. குச்சி: ஒரே கலரை அள்ள. கண்ணு: அமுக்குனா மறையும், திரும்ப அமுக்குனா வரும். இப்படியே நாப்பது பக்கம். பாத்துப் பாத்து அதுக்குப் பழக்கமே மாறிப்போச்சு. ஒருநா கடை போனை எடுத்து "ஹலோ கைஸ்"னுச்சு. பேசுனது பஞ்சாயத்துத் தலைவரு.

"சரி, ஒரே ஒரு பேனர். நீயே பண்ணு. நல்லா வந்தா சீட்டு உனக்கு. சொதப்புனா மதுரைப் பயதான்"னு சொல்லிட்டேன்.

அன்னிக்குன்னு பாத்து கண்ணுச்சாமி அய்யா வந்தாரு. பேத்திக்குக் காதுகுத்து. "ஊருல எவனும் போடாத மாதிரி இருக்கணும்"னாரு. நான் மீனாவைக் கை காட்டிட்டு, பேரையூர்ல மச்சினன் வீட்டு விசேசத்துக்குப் போயிட்டேன். டிசைன் பண்ணி, பிரிண்டு எடுத்து, ராத்திரியே கட்டச் சொல்லியாச்சு.

மறுநா காலையில ஆறு மணிக்குப் போன். "அண்ணே, கண்ணுச்சாமி குடும்பம் போன வேன் கவுந்து பூராப் பேரும் போயிட்டாகளாமே?"

அடிச்சுப் புடிச்சு வந்து பஸ் ஸ்டாப்புல எறங்குனேன். எதுக்க பேனர். நடுவுல பேத்தி, ரோஸ் பட்டுப்பாவாடையில ஜம்முன்னு கலர்ல இருக்கு. சுத்தி நிக்கிற சொந்தக்காரவுக அம்புட்டுப் பேரும் கருப்பு வெள்ளை. எங்க சீமையில ஃபிளக்ஸ்ல கருப்பு வெள்ளையில ஒருத்தரைப் போட்டா அதுக்கு ஒரே அர்த்தந்தான். இதுல கீழ வேற, எல்லாரும் கைகூப்பி, 'வருக வருக என அன்புடன் அழைக்கிறோம்'. எங்க கூப்பிடுறாகன்னுதான் கேக்கணும்.

கடைக்கு ஓடுனா, கண்ணுச்சாமி அய்யா கையில ரோசாப்பூ மாலையோட நிக்கிறாரு.

"இது எனக்குப் போட வந்த மாலைடா. என் சம்பந்தி வாடிப்பட்டியில இருந்து அழுதுக்கிட்டே வந்தான். நான் கதவைத் தொறக்கவும் மயங்கி விழுந்துட்டான்."

நான் மீனா மேல பாஞ்சேன். அது மொகம் செத்துப்போச்சு.

"அந்த வீடியோல அப்படித்தாண்ணே பண்ணாக. ஒரு ஆளை மட்டும் எடுப்பாக் காட்டுறதுக்கு. ரெண்டு லட்சம் பேரு லைக் போட்டிருக்காக."

"அந்த ரெண்டு லட்சம் பேரும் அலங்காநல்லூர்லயா பொண்ணு கட்டியிருக்காக?"

பத்து மணிக்குக் காதுகுத்து. சூரியபிரகாஷ் பண்ணுன வேலைன்னா எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டி வச்சிருப்பான், திரும்பப் பண்ணச் சாயந்தரம் ஆகும். மதுரைப் பயலுக்குப் போனைப் போட்டேன். ரிங்கு போச்சு, எடுக்கல. மீனா கண்ணைத் தொடச்சுக்கிட்டுச் சீட்டுல போய் உக்காந்துச்சு.

"நான் போட்டோ எதையும் தொடலண்ணே. மேல கலரை மறைக்கிற தாளு மாதிரி ஒண்ணை விரிச்சு விட்டிருக்கேன், அம்புட்டுத்தான்."

ஓரத்துல இருந்த கண்ணு படத்தை ஒரு அமுக்கு அமுக்குச்சு. குடும்பம் மொத்தமும் கலராயிருச்சு. கண்ணுச்சாமி அய்யாவுக்கு ஊதாச் சட்டை வந்துச்சு, மருமகப் பிள்ளைக்கு மஞ்சச் சட்டை வந்துச்சு. புதுசா அடிக்க நான் மெஷினைப் போட்டேன். அய்யா திரைக்கிட்டக் குனிஞ்சு தன் மொகத்தைப் பாத்தாரு. அப்புறம் பக்கத்துல இருந்த பொம்பள படத்துல விரலை வச்சாரு.

"அழகம்மா ஏன் வரல?"

அவரு சம்சாரம். செத்து ஆறு வருசம் ஆச்சு. அவுக மட்டும் கருப்பு வெள்ளையிலயே நிக்கிறாக.

"அவுக போட்டோ நீங்க குடுக்கும்போதே அப்படித்தான்யா இருந்துச்சு."

"மத்தவுகளை எல்லாம் கூட்டியாந்தியே தாயி"ன்னாரு. அவரு அம்புட்டு மெதுவாப் பேசி நான் கேட்டதே இல்ல.

மீனா நோட்டுல புதுப் பக்கத்தைத் தொறந்துச்சு. "அதுக்கும் வீடியோ இருக்குய்யா. நான் இன்னும் பாக்கல. ஒரு வாரம் டைம் குடுங்க. சேலை என்ன கலருன்னு மட்டும் சொல்லுங்க."

"தக்காளிப்பழக் கலரு. பச்சைக் கரை"ன்னாரு, யோசிக்காம. "மெதுவாவே பாரு ஆத்தா. இன்னிக்குத்தான் செத்துப் பொழச்சிருக்கேன், அம்புட்டுச் சீக்கிரம் மறுபடியும் போக மாட்டேன்."

அப்பத்தான் திரும்பக் கூப்பிட்டான் அந்த மதுரைப் பய. "எப்பண்ணே வேலைக்கு வரணும்?"

"வேணாம்ப்பா. எங்க டிசைனர் சீட்டுலதான் இருக்காக"ன்னு சொல்லி வச்சுட்டேன்.