சவிரிமுத்து அண்ணையின் பொம்மைச் சேவல்

முதலில் வந்தவை கைகூப்பிய படங்கள்தான். எங்கள் தேவாலயப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கைகூப்பினால் அடுத்தவர் ஏன் என்று கேட்காமல் தானும் கூப்பிவிடுவார். கவுன்சில் அலுவலகத்தில் பார்க்கிங் பெர்மிட் கவுண்டருக்குப் பின்னால் இருந்தபடி, போனது யார் என்று தெரியாமல் போனை விரலால் தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் படம் வந்தது. சாம்பல் நிறக் கோட்டுடன், யாரையோ பார்த்துச் சிரித்தபடி சவிரிமுத்து அண்ணை. கவுண்டருக்கு முன்னால் நின்ற பெண் தன் பத்திரங்களை எடுத்துக்கொண்டு, நான் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அழுதேன். பின்னால் நான் எழுதப்போவதைப் படிப்பவர்கள் அதை மறந்துவிடக் கூடாது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டது அவருடைய மனைவி ரீட்டா அக்கா. அப்போது சம்மதித்தேன். அடக்கத்துக்குப் பிறகு என்னால் முடியாது என்றேன், காரணத்தையும் சொன்னேன்.  அவர், "உள்ளதை எழுதுங்கோ அன்ரன். நல்லதையும் விட்டுடாதேங்கோ. ரெண்டும் அவர்தானே" என்றார்.

நல்லதைச் சொல்வதற்குப் பஞ்சமில்லை. மன்னாரில் பிறந்து, ஜெர்மனியில் பல காலம் இருந்து, பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கட்டும் என்று லண்டனுக்கு, மோர்டனுக்கு வந்தவர். வீடுகளுக்குச் சமையலறை அலுமாரிகள் பொருத்திக் கொடுப்பது தொழில். உங்களில் பலர் வீட்டு அலுமாரிக் கதவுகள் இன்றும் சத்தமில்லாமல் மூடுகின்றன என்றால் அது அவர் கை. என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் வேலை முடிந்து, உடுப்பில் மரத்தூளோடு, மீன் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். கதவு மணியைக்கூட அடிக்கமாட்டார். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. "சத்தம் போடுறவன் தான் நிக்கிற இடத்தைக் காட்டிக் குடுக்கிறான்" என்பார். அதை ஒரு நல்ல மனிதரின் அடக்கம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வேட்டை அவருக்கு எப்படிப் பிடித்தது என்பது உங்களுக்குத் தெரியும். ரீட்டா அக்காவின் தம்பி ஸ்டீபன் டொரொண்டோவுக்கு வெளியே, காடும் சோள வயலுமான ஓர் ஊரில் இருக்கிறார். அங்கே வசந்த காலத்தில் காட்டு வான்கோழி சுட அனுமதி உண்டு. அண்ணை ஒவ்வொரு வருடமும் போவார். கடையில் உரித்துக் கட்டி வைத்திருக்கிற வான்கோழிக்கு எதற்குப் பிளேன் ஏறுகிறீர்கள் என்று கேலி செய்யாத ஆள் மோர்டனில் இல்லை. ஒரு வருடம் நானும் கூடப் போனேன், துவக்கு இல்லாமல், வேடிக்கை பார்க்க.

அவருடைய பெட்டியில் உடுப்பைவிட அதிக இடம் பிடித்தது ஒரு பொம்மைச் சேவல். அமுக்கினால் சுருங்கும் பஞ்சு உடம்பு. விரித்துத் தடியில் குத்தி நிறுத்தினால், தோகையை விசிறிபோல விரித்து, சிறகைத் தொங்கவிட்டு, நெஞ்சைத் தள்ளிக்கொண்டு நிற்கும். தலை சிவப்பும் நீலமும் வெள்ளையுமாக இருக்கும். அதை எப்போதும் ஒரு செம்மஞ்சள் பையில்தான் கொண்டுபோவார். நான் வெளியே எடுத்துக் கையில் தூக்கியபோது பறித்துவிட்டார். "பையுக்குள்ள வையும். திறந்தபடி தூக்கிக்கொண்டு திரிஞ்சா, தூரத்தில நிக்கிறவன் கோழியெண்டு உம்மைச் சுட்டுப்போடுவான்."

விடியும் நேரம் ஒரு வயல் ஓரத்தில், புதருக்குப் பின்னால் குந்தினோம். பொம்மைச் சேவலை எங்களுக்கு முன்னால், எங்களைப் பார்த்தபடி நிறுத்தியிருந்தார், பக்கத்தில் இரண்டு பொம்மைப் பேடுகள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பினால் வருகிற கோழிக்கு நன்றாகத் தெரியுமே என்றேன்.

"அவன் முகத்துக்கு முகம் சண்டைக்கு வருவான்" என்றார் காதோடு. "சேவல் எங்களைப் பாத்தபடி நிண்டா, வாறவன் சுத்திவந்து அதுக்கு முன்னால நிப்பான். அப்ப அவன்ர முதுகு எங்களுக்கு."

"எல்லாச் சேவலும் வருமோ அண்ணை?"

"சின்னன்கள் இதைக் கண்டாலே ஓடிடும். பெரியவன் மட்டும்தான் வருவான். தன்ர வயலில இன்னொருத்தன் தோகை விரிக்கிறதை அவனால தாங்க ஏலாது."

பெரியவன் வந்தான். கழுத்தை நீட்டிக் கடகடவென்று கத்திக்கொண்டு, எங்களைக் கவனிக்காமல், நேராகப் பொம்மைக்கு முன்னால் போய் நின்று அதன் தலையில் கொத்தினான், காலால் அடித்து விழுத்தினான். அண்ணை சுட்டார். பிறகு எழுந்து செத்த பறவையிடம் போனார். பொம்மை கவிழ்ந்து கிடந்தது. நான் எடுத்து மண் தட்டி, கொத்துப்பட்ட ஓட்டைகளைத் தடவினேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "விடும் அன்ரன். பொம்மைக்கு நோகாது."

அந்த வருடம்தான் எங்கள் திருவிழாச் சபைக்குத் தேர்தல் நடந்தது. இப்போது வந்தவர்களுக்காகச் சொல்கிறேன், அப்போது தலைவர் அல்பேட் அண்ணை. தொடக்கம் முதல் அவர்தான். கொடியேற்றத்தன்று பாதருக்குப் பக்கத்தில் நின்று கொடிக்கயிற்றைப் பிடிப்பவர் தலைவர். லண்டனில் நாங்கள் என்ன வேலை செய்தாலும், எத்தனை பேருக்குக் கீழே நின்றாலும், அந்தக் கயிற்றைப் பிடித்தவனை ஊர் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் அல்பேட் அண்ணை தான் விலகுவதாகச் சொல்வார், சனம் விடாது. அவரை எதிர்த்து நின்று யாரும் வெல்ல முடியாது. எனக்கு அவர் தலைவர் மட்டுமல்ல. என் மகள் டிலானிக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தியவர், பிறந்தநாள் ஒன்றுக்கும் வராமல் விட்டவரல்லர்.

சவிரிமுத்து அண்ணை என் வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்தபடி, "நீர் நில்லும்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அல்பேட் களைச்சுப்போனார். தானா விட வெக்கப்படுறார். உம்மைப்போல சொந்த ஆள் கேட்டா சந்தோசமாத் தருவார். நான் அவரோட கதைச்சிட்டன்." கதைக்கவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் நீலக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் எடுத்துத் தந்தார். சிவப்பு டையை அவரே தெரிந்தெடுத்துக் கட்டிவிட்டார். கண்ணாடியில் பார்த்து நான் நெஞ்சை நிமிர்த்தியது உண்மை.

கூட்டத்தன்று மண்டபத்துச் சாவி அவரிடம் இருந்தது. கதிரைகளைப் போட்டவரும் அவர். என்னை முன்னால், பின்வரிசையைப் பார்த்தபடி உட்காரவைத்துவிட்டு, தான் பின்வரிசையில் போய் இருந்தார். என் பெயரை வாசித்ததும் அல்பேட் அண்ணை எழுந்தார். அவருக்கு எதுவும் தெரியாது என்பது அந்த முகத்தில் தெரிந்தது. நேராக வந்து என் முன்னால் நின்றார்.

"நான் ஏந்தின பிள்ளையின்ர தகப்பன் எனக்கு எதிரா நிக்கிறானோ? ஒரு வார்த்தை சொல்லாமல்?"

"அண்ணை, உங்களுக்குத் தெரியுமெண்டல்லோ..." என்று தொடங்கினேன். அவர் என் டையைப் பிடித்து இழுத்தார். சிலுவைக்குக் கீழே, பாதருக்கு முன்னால், பெண்களும் பிள்ளைகளும் இருக்க, சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொன்னார்.  அப்போதுதான் அவருடைய முதுகுக்குப் பின்னால் அந்த மெதுவான குரல் எழுந்தது.

"பாதர், ரெண்டு பேரையும் விடுங்கோ. சனத்துக்குச் சமாதானம்தானே வேணும்."

அப்படியென்றால் நீங்களே இருங்கள் என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் கை உயர்த்தினார்கள். நானும்தான். அந்த வருடத்திலிருந்து இறக்கும்வரை கொடிக்கயிறு சவிரிமுத்து அண்ணையின் கையில் இருந்தது. என்னை அவமானத்திலிருந்து காப்பாற்றினார் என்று நான் அவருக்கு நன்றியும் சொன்னேன். "அதுக்கென்ன" என்றார்.

அல்பேட் அண்ணை இல்ஃபோர்டுக்கு, மகனுக்குக் கிட்டப் போய்விட்டார். நான் போன் அடித்தால் எடுக்கமாட்டார். டிலானியின் கல்யாணத்துக்கு அழைக்க நான் நேரில் போய்க் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. ஆனாலும் வருவார் என்று அவள் நம்பினாள். கோவில் வாசலில், வெள்ளை உடுப்போடு, காற்றுக்குள் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதர் இனியும் காத்திருக்க முடியாது என்றபோது சவிரிமுத்து அண்ணை என் தோளைத் தொட்டார். "நான் அந்த இடத்தில நிக்கிறன்." நின்றார். கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் ஞானத்தகப்பன் இடத்தில் அவர் நிற்கிறார். மற்றதையெல்லாம் நான் ஒருநாள் மறந்தாலும், இதை மன்னிக்க என்னிடம் மனமில்லை.

அடக்கம் முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ரீட்டா அக்கா அந்தச் செம்மஞ்சள் பையைக் கொண்டுவந்து தந்தார். "கடைசிக் கிழமை சொன்னவர், இதை அன்ரனுக்குக் குடு, அவருக்கு விளங்கும் எண்டு." எனக்கு விளங்கவில்லை. பழைய பயணத்தின் ஞாபகம் என்று நினைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கனடாவிலிருந்து வந்திருந்த ஸ்டீபன் அதைக் கண்டு சிரித்தார். நல்ல மனிதர், மனதில் கள்ளம் ஒன்றும் இல்லை.

"அத்தான் இதைப்பற்றி ஒரு கதை சொல்லுவார். லண்டனிலயும் ஒருக்கா பொம்மைச் சேவல் வைச்சவராம். பெரியவன் ஒருத்தனை விழுத்த அவன்ர சொந்த ஆளுக்கே கோட்டுப் போட்டு விட்டவராம். துவக்கே தேவைப்படேல்லையாம். ஆரெண்டு மட்டும் சொல்லமாட்டார்."

நான் கோப்பையை மேசையில் வைத்தேன். நீலக் கோட்டு, சிவப்பு டை, கதிரை பார்த்த திசை, பின்வரிசை. எல்லாவற்றையும் எனக்கு முன்கூட்டியே ஒரு வயல் ஓரத்தில் விளக்கமாகச் சொல்லித் தந்திருக்கிறார். அதற்குப் பிறகும் நான் அப்படியே போய் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் கனடாவில் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, திரும்பி வந்து என் வீட்டில் தேநீர் குடித்திருக்கிறார். அந்த மீன் குழம்பும் உண்மைதான், இதுவும் உண்மைதான். இரண்டையும் ஒரே கை செய்தது என்பதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பொம்மையை விரித்து, பை இல்லாமல், கையில் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். எலிசபெத் லைனில் ஒரு குழந்தை அதன் தோகையைப் பிடித்து விளையாடியது. இல்ஃபோர்டில் இந்தத் தடவை கதவு திறந்தது. அல்பேட் அண்ணை நன்றாக மெலிந்திருந்தார். என்னைப் பார்த்தார், கையில் இருந்ததைப் பார்த்தார்.

"இதென்ன?"

"இது நான்தான் அண்ணை."

வாசலில் நின்றபடியே முழுவதையும் சொன்னேன்.  முடிந்ததும் அவர் பொம்மையை வாங்கி, அதன் தலையில் இருந்த ஓட்டைகளை விரலால் தடவினார்.

"கொத்தினது நான்" என்றார். பிறகு, "பிள்ளை கல்யாணத்தண்டைக்குக் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டவளோ?"

"ஓம்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அங்கேயே நின்று டிலானிக்குப் போன் எடுத்துக் கொடுத்தேன். அவள் பேசினாளா அழுதாளா என்பது அவர்கள் இருவருக்கும் உள்ளது.

பொம்மைச் சேவல் இப்போது இல்ஃபோர்டில் இருக்கிறது. அவர் கேட்டார், கொடுத்துவிட்டேன். என்னிடம் இருப்பது சவிரிமுத்து அண்ணை என்னை ஒருபோதும் போட்டு மூடாத அந்தச் செம்மஞ்சள் பையும், அவர் சொன்ன ஒரு வசனமும்தான். பொம்மைக்கு நோகாது என்றீர்கள். நொந்தது, அண்ணை.